பார்க்காத சுவர்

எட்டு வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் சுவரோவியங்களைப் பற்றிய கட்டுரை அது. பதினோரு பக்கம். இரண்டாவது பாராவில் 'இந்தச் சுவரின் முன் வந்து நிற்கிறவனுக்கு முதலில் தட்டுப்படுவது' என்று ஒரு வாக்கியம் ஆரம்பிக்கிறது. நான் அந்தச் சுவரின் முன் நின்றதில்லை. இன்றுவரை நின்றதில்லை.

பத்திரிகை நின்றுபோய்விட்டது. அச்சான முந்நூறு பிரதிகளில் பாதி இன்னும் ஆசிரியர் வீட்டுப் பரணில் இருப்பதாகக் கேள்வி. கட்டுரையைப் படித்தவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்க நியாயமில்லை. அவர்களில் பலர் இந்தப் பக்கங்களையும் படிக்கிறவர்கள் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் மதிக்கிற ஒரு கவிஞர், நேரில் பார்த்தவனால் மட்டுமே இப்படி எழுத முடியும் என்று கார்டு போட்டிருந்தார். கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

எழுதிய விதம் இதுதான். அப்போது வங்கியில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன. வடக்கே ஒரு சிற்றூர்க் கிளையில் இருந்தேன். மாதம் ஒருமுறை சென்னைக்கு வந்து ஒரு பழைய நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். அங்கே கிடைத்தது திருவிதாங்கூர்க் கலைகளைப் பற்றி ஸ்டெல்லா க்ராம்ரிஷ், ஜே.எச். கஸின்ஸ், ஆர். வாசுதேவ பொதுவாள் மூவரும் சேர்ந்து 1948-ல் கொண்டுவந்த புத்தகம். கஸின்ஸ் ஐரிஷ்காரர். 1904-ல் டப்ளினில் போக்கிடமில்லாமல் இருந்த ஜேம்ஸ் ஜாய்ஸுக்குச் சில நாட்கள் தங்க இடம் கொடுத்த அதே கஸின்ஸ்தான். பிறகு இந்தியாவுக்கு வந்து, திருவிதாங்கூர் அரசுக்குக் கலை ஆலோசகராகி, 1935-ல் திருவனந்தபுரத்துச் சித்ராலயத்தை உருவாக்கினவர். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்த ஒருவனுக்கு இந்தத் தொடர்பு போதும், தலை சுற்றிவிடும். ஜாய்ஸின் நண்பர் பார்த்த சுவரைப் பற்றி நானும் எழுதுகிறேன் என்ற கிறக்கத்தில்தான் அந்தப் பதினோரு பக்கமும் எழுதப்பட்டது. நான் உட்கார்ந்து பார்த்த படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்று வருஷங்களுக்கு முன் எனக்குத் தக்கலைக்கு மாற்றல் வந்தது. உத்தரவைப் பார்த்ததும் முதலில் வயிற்றில் ஒரு கலக்கம். தக்கலையிலிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர். போகாமலிருக்க எந்தச் சாக்கும் கிடையாது.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வேளிமலையின் அடிவாரத்தில், சுமார் 185 ஏக்கரைச் சுற்றி வளைத்த கோட்டைக்குள் ஆறு ஆறரை ஏக்கரில் இருக்கிறது அரண்மனை. பழைய பெயர் கல்குளம். வேணாட்டு ராஜாக்களின் இருப்பிடம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு ராஜாவும் ஒரு கட்டு, ஒரு மண்டபம் என்று சேர்த்துக்கொண்டே போனதில் வளர்ந்தது. மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729 முதல் 1758 வரை) இதைத் திருத்திக் கட்டிப் பத்மநாபபுரம் என்று பெயரையும் மாற்றினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அரண்மனை காலியாக நின்றது, பின்னால் அருங்காட்சியகமாயிற்று. 1956 நவம்பர் 1-ந் தேதி கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஊர் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் தங்கிவிட்டது. ஆக, தமிழ்நாட்டுத் தெருவிலிருந்து வாசற்படியைத் தாண்டினால் மலையாளம். உள்ளே இருக்கிற ஊழியர்கள் பெரும்பாலும் இரண்டு பாஷையையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே போனேன். (திங்கட்கிழமை விடுமுறை.) செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். இது சடங்குக்காக என்று நினைத்தேன். நடந்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தரையை உள்ளங்கால்தான் பார்க்க வேண்டும் என்பது. கறுத்து, குளிர்ந்து, கண்ணாடி மாதிரி முகம் காட்டுகிற தரை. சுண்ணாம்பு, கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு, என்னென்னவோ செடிச்சாறு என்று சேர்மானத்தை ஊழியர் ஒப்பித்தார். பூமுகத்தின் கூரையில் மரத்தில் செதுக்கிய பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. தொங்கும் குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கிறது. மேலே மந்திரசாலை, மைக்கா பதித்த பலகணிகள் வழியாக வருகிற, வடிகட்டின வெளிச்சம். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊட்டுப்புரை, அதற்கு மேல் அதே அளவில் இன்னொன்று. இவற்றையெல்லாம் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. வாரப் பத்திரிகைக்காரர்கள் விட்டுவைத்தது எதுவுமில்லை.

வளைந்து வளைந்து போய் உப்பரிகை மாளிகைக்கு வந்தோம். நாலு நிலை. கூட்டத்தோடு படியேறி, பச்சிலை மரங்களால் கடைந்த அந்தக் கட்டிலையும் பார்த்தாயிற்று. அறுபத்திநாலு வகை மரம் என்கிறார்கள். டச்சுக்காரர்கள் கொடுத்தது என்றும் சொல்கிறார்கள். 1741-ல் குளச்சலில் தோற்றவர்கள் ஜெயித்தவனுக்குக் கட்டில் கொடுத்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதற்கு மேல் போகிற படி அடைத்திருந்தது.

'மேல பிரார்த்தனை முறி. சுவர் முழுக்க சித்திரம். பொதுஜனங்களுக்கு அனுமதி இல்ல' என்றார் ஊழியர். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

கூட்டம் நகர்ந்துவிட்டது. யாருக்கும் ஏமாற்றமில்லை, பார்க்க இன்னும் எத்தனையோ இருந்தது. நான் மட்டும் நின்றேன். என்னைப் போல் எட்டு வருஷமாக, மன்னிக்க வேண்டும், அப்போது ஐந்து வருஷமாக, அந்த அறைக்குள் மானசீகமாகக் குடியிருந்த ஒருவன் படிக்கட்டின் அடியில் நிறுத்தப்படும்போது வருவது ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது, கல்யாண வீட்டில் சொந்தக்காரன் என்று சொல்லிப் பந்தியில் உட்கார்ந்துவிட்டவனை வீட்டுக்காரர் வந்து ஏற இறங்கப் பார்க்கும்போது வருகிற உணர்ச்சி.

மூடி வைத்திருப்பதில் எனக்குக் குறையில்லை. குறுகலான மரப்படி. சுண்ணாம்புச் சுவரில் எழுதிய வண்ணத்துக்கு மனிதர்களின் மூச்சே பகை. நாளைக்கு ஆயிரம் பேர் ஏறி இறங்கினால் அந்த ஈரத்தில் சுவர் உரிந்துவிடும். ஆனால் அந்த மாளிகையைப் பற்றி யோசிக்க யோசிக்க, அந்த அறை எப்போதுமே மூடப்பட்டதாகத்தான் இருந்திருக்கிறது என்று பட்டது. கீழ்நிலை கருவூலம். அதற்கு மேல் ராஜாவின் பள்ளியறை. அதற்கு மேல் அவர் தனியாக இருந்து விரதம் காத்த இடம். எல்லாவற்றுக்கும் மேலே பத்மநாபனுடைய அறை. சுவரில் அனந்தசயனம், புராணக் காட்சிகள், பெருமாளுக்கென்று ஒரு கட்டில், தூக்குவிளக்குகள். மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பட்டத்தோடு ஆண்டவர். சொத்துக்காரர் மாடியில் இருக்கிறார். கீழே படுத்திருப்பது கணக்குப்பிள்ளை.

இதை ஒரு வங்கிக் குமாஸ்தா சுலபமாகப் புரிந்துகொள்வான். எங்கள் கிளையில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், மற்றது அதிகாரியிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஹெட் கேஷியர் லீவு போடுகிற நாட்களில் அவர் சாவி என் இடுப்பில் தொங்கும். நமக்குச் சொந்தமில்லாத பணத்தை நாள் முழுக்க எண்ணிக் கை கறுத்துப்போய், சாயங்காலம் ஒரு ரூபாய் குறைந்தாலும் பதைத்துப்போகிற ஜன்மம். அந்தப் பதைப்பு மார்த்தாண்ட வர்மாவுக்கு இருந்ததா? எதிர்த்த மாடம்பிமார்களையும் எட்டுவீட்டுப் பிள்ளைமார்களையும் ஈவிரக்கமில்லாமல் ஒழித்துக்கட்டிய பிறகு நாட்டைக் கடவுளின் பெயருக்கு மாற்றிவிட்டால், அப்புறம் ராஜாவை எதிர்ப்பவன் கடவுளை எதிர்ப்பவனாகிவிடுகிறான். இந்தக் கணக்கு தெரியாத அளவுக்கு நான் அப்பாவியல்ல. என் பழைய கட்டுரையிலும் இதை எழுதியிருந்தேன், ரொம்பக் கெட்டிக்காரத்தனமான தோரணையில். ஆனால் படியின் அடியில் நின்றபோது வேறொன்று தோன்றியது. அந்தச் சித்திரங்கள் யார் பார்ப்பதற்காக எழுதப்பட்டன? கோயில் சுவராக இருந்தால் பிரகாரம் சுற்றுகிற ஜனங்களுக்கு என்று சொல்லலாம். இங்கே, படுத்திருக்கிற பெருமாளுக்கும் எப்போதாவது தனியாக மேலே வந்து உட்காருகிற ஒரு மனிதனுக்கும். அவ்வளவுதான் வாசகர் வட்டம். சிறுபத்திரிகைக்காரர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அடுத்த சில மாதங்களில் எங்கள் கிளைக்கு வருகிற ஒரு கிழவர் பழக்கமானார். எண்பது வயசிருக்கும். பெயரைச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் பாட்டாதான். பாஸ்புக்கைப் பதிந்து வாங்குவதற்கென்றே வருவார். பதிவதற்கு ஒன்றும் இருக்காது. பேச்சுவாக்கில் அரண்மனை என்று சொன்னதும், 'எனக்க மாமன் அங்கதான் சோலி. மேல் மச்சுல விளக்கு பாக்கது' என்றார். மாமனுக்குச் சுகமில்லாமல் போனபோது அவருக்குப் பகரமாக, இளவட்டத்தில் கொஞ்சகாலம், இவரும் ஏறியிருக்கிறார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. கவுண்டரில் நாலு பேர் நிற்கிறார்கள். உட்காரச் சொல்லி, கேஷ் முடிந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

'பாட்டா, சுவர்ல என்னென்ன படம் இருந்தது?'

'படம் உண்டு. நிறைய உண்டு.'

'பார்த்திருக்கீங்களா?'

'சாரே, நான் போனது எண்ணெ ஊத்த. ஒரு கையில எண்ணெப் பாத்திரம், மற்றக் கை சொவருல. படி நெட்டுக்குத்தா நிக்கும். மேல போனா இருட்டு. படத்தப் பாத்துட்டு நின்னா எண்ணெ சிந்தும். சிந்தினா மாமன் கொன்னுபோடுவாரு.'

'ஒண்ணுமே ஞாபகமில்லையா?'

யோசித்தார். 'ஒரு கண்ணு' என்றார். 'திரி தூண்டுனா செவருல ஒரு கண்ணு தெரியும். யாருக்க கண்ணோ. இம்புட்டு நீளம்.' விரலால் காற்றில் ஒரு மீன் வரைந்தார். 'அதுகிட்ட எனக்குப் பேடிதான். திரிய விட்டாத்தான் போவும். திரியத் தூண்டாம வந்தா விளக்கு அவிஞ்சுபோவும். என்ன செய்ய?'

கேரளச் சுவரோவிய மரபில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். உருவத்துக்கு எல்லா வண்ணமும் கொடுத்து, கோடு கட்டி முடித்தபின், நல்ல நேரம் பார்த்துக் கண் திறப்பு. நேத்ரோன்மீலனம் என்று பெயர். என் கட்டுரையில் இதைப் பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. அந்த முக்கால் பக்கத்தில் ஒரு இடத்தில்கூடக் கண் இல்லை.

ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் உண்டு. சுவரோவியங்களைக் கோட்டு நகல் எடுக்கிற ஒரு குழுவோடு அவருக்கு மேலே போக அனுமதி கிடைத்தது. கூட ஒரு ஆளைக் கூட்டிவரலாம் என்று எனக்குச் சொல்லியனுப்பினார். தேதி மார்ச் 31. வங்கியில் வேலை பார்க்கிறவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னாலே போதும். அன்றைக்கு அப்பன் செத்தாலும் மறுநாள் எடுங்கள் என்பார்கள். நான் லீவு கேட்கக்கூட இல்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. கேட்காததற்கு வருஷக் கணக்கு முடிப்பு மட்டும்தான் காரணமா என்று அதற்கும் பிறகு தோன்றியது. நள்ளிரவுவரை கிளையில் இருந்தேன். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் பகல் முழுக்க அவர் அந்த அறையில் இருந்தார்.

மறுநாள் என் அறைக்கு வந்தார். என் கட்டுரையின் பிரதியையும் கொண்டுவந்திருந்தார், ஓரத்தில் பென்சில் குறிகளோடு. எப்போதும் சாதுவான மனிதர். அன்றைக்கும் சாதுவாகத்தான் பேசினார்.

'இதிலே நீங்க எங்க நிக்கிறீங்க?' என்று கேட்டார்.

புரியவில்லை.

'அனந்தசயனம் முழுசையும் ஒரே பார்வையில பாக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. தலையிலிருந்து கால்வரைக்கும். அதுக்குப் பின்னால தள்ளி நிக்கணும். தள்ளி நிக்க அங்க இடம் இல்ல. சின்ன அறை. கட்டில் வேற. நான் பக்கவாட்டில நகர்ந்து நகர்ந்துதான் பார்த்தேன். முழங்காலைப் பாக்கும்போது முகம் இருக்காது.'

கேமரா நின்ற இடத்தில் நான் நின்றிருந்தேன். எத்தனை துண்டாக எடுத்து எப்படிச் சேர்த்த படமோ. அதைச் சுவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இது சின்னத் தவறு. பெரிய தவறை அவர் ரொம்பத் தயங்கிச் சொன்னார். என் கட்டுரையின் மையமே ஒரு கருத்து: அந்த ஓவியங்களில் உருவமும் பின்னணியும் ஒன்றில் ஒன்று கரைகின்றன, எல்லையில்லாத ஒரே இருண்ட பரப்பிலிருந்து தெய்வமும் பாம்பும் பரிவாரமும் மேலெழுந்து மறுபடி அதிலேயே அமிழ்கின்றன, இது நவீன மனத்தின் 'தன்னிலை கரைதலுக்கு' இருநூற்றைம்பது வருஷம் முந்திய சாட்சியம் என்றெல்லாம் போகிறது. இந்த இடத்தைத்தான் அந்தக் கவிஞர் கார்டில் பாராட்டியிருந்தார்.

அந்த மரபில் பின்னணி காவிச் சிவப்பு. சாத்விகமான தெய்வ உருவம் பச்சை. சிவப்பும் பச்சையும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, உருவம் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி நிற்கும். இரண்டையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தால்? ஏறக்குறைய ஒரே சாம்பல். நான் கண்ட 'எல்லையில்லாத இருண்ட பரப்பு' ஃபிலிமின் கைங்கரியம். பத்மநாபபுரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.

வெள்ளை இன்னும் மோசம். 'கடைசியாகத் தீற்றிய வெள்ளை, இருளுக்கு ஓவியன் சொன்ன பதில்' என்று எழுதியிருந்தேன். அங்கே வெள்ளை தீற்றப்படுவதில்லை. சுண்ணாம்பும் மணலும் பூசி, அதன்மேல் சுண்ணாம்பை இளநீரில் கரைத்துப் பல தடவை அடித்துச் சுவரைப் பால்போல ஆக்கிக்கொள்கிறார்கள். அதன்மேல் காவி, மஞ்சள், பச்சை, கறுப்பு. காவிக்கல் அரைத்தது, அவுரிச்சாறு, விளக்குக் கரி, பிடிக்க வேப்பம்பிசின். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். கண்ணின் வெள்ளையும் முத்துமாலையின் வெள்ளையும் வெறும் சுவர். ஓவியன் கைவைக்காத இடத்தை நான் அவனுடைய உச்சபட்சச் செயல் என்று கொண்டாடியிருக்கிறேன்.

நண்பர் போனபின் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என்னைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் இதை எழுதத் துணிந்திருக்கமாட்டேன். நம்மில் எத்தனை பேர் ஸெஸானை எப்படிப் பார்த்தோம்? பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மை அப்பின, உள்ளங்கை அகல அச்சுப்படத்தில். பால் க்ளீயைப் பற்றித் தமிழில் பேசியவர்களில் பாதிப்பேருக்கு அவருடைய படங்கள் எவ்வளவு சின்னவை என்பது தெரியாது. கோட்பாடுகளைச் சுருக்கப் பதிப்புகளிலிருந்து, நாடகங்களை அவற்றைப் பற்றிய மதிப்புரைகளிலிருந்து, நகரங்களைக் கவிதைகளிலிருந்து. இதில் வெட்கப்பட ஏதுமில்லை, வேறு வழியில்லை என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டோம். வழியில்லை என்பது நிஜம். பாஸ்போர்ட்டுக்கே பணமில்லாதவன் பாரீஸுக்கு எங்கே போவான்? ஆனால் போகவில்லை என்பதை நாம் எழுதவில்லையே! 'நான் பார்த்தது அச்சுப்படம், அது சாம்பல் நிறமாக இருந்தது' என்று ஒரு வரி. அதை எழுதியிருந்தால் அந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றியே ஒரு நேர்மையான கட்டுரை வந்திருக்கும். சாம்பலில் பார்த்ததை நிறத்தில் பார்த்ததாகச் சொன்னோம். பிறகு நம் கவிஞர்கள் அந்தச் சாம்பலைப் பார்த்து எழுதினார்கள். எழுதப்பட்ட கவிதைகள் நன்றாகத்தான் இருந்தன என்பது இதில் எனக்கு விளங்காத சங்கதி. அந்தக் கார்டு போட்ட கவிஞர் என் கட்டுரையைப் படித்தபின் எழுதிய ஒரு கவிதை, அவர் எழுதியதிலேயே நல்ல கவிதை என்று நான் இன்றும் நினைக்கிறேன். அதன் ஆதாரம் ஃபிலிம் செய்த கோளாறு. அதற்காக அந்தக் கவிதையை என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடுதான் போன நவராத்திரிக்கு முன்பு அரண்மனை முற்றத்தில் கூட்டத்தில் நின்றேன். வருஷாவருஷம் இங்கிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன: வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, அரண்மனைத் தேவாரக்கெட்டுச் சரஸ்வதி. சரஸ்வதி யானைமேல். இந்தச் சரஸ்வதியைக் கம்பர் பூஜித்தார், அவருக்குப் பிறகு சேர ராஜாவிடம் வந்தது என்பது ஐதீகம். சரித்திரத்தில் நிற்காது. ஆனாலும் கம்பன் பெயரைச் சொல்லி யானைமேல் ஏற்றி இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செய்து அனுப்புகிற ஒரு சங்கதி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. புறப்பாட்டுக்கு முன் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள் கைமாற்றப்படுகிறது. இப்போது ராஜா இல்லை. வாளை எடுத்துக் கொடுப்பவரும் வாங்குபவரும் அரசாங்கத்து மனிதர்கள். வாள் வெளியே வந்ததும் கூட்டம் நெருக்கியது. தலைகளுக்கு நடுவில் எனக்கு ஒரு பளபளப்பு தெரிந்தது. வாளா, யாராவது தூக்கிப் பிடித்த செல்போனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். உச்சி நிலையின் மரச் சன்னல்கள் சாத்தியிருந்தன. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யானை போய்விட்டது.

அடுத்த வாரம் பாட்டா வந்தார். கேஷ் முடிந்த பிறகு, நான் எழுதியதைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இலக்கியக் கட்டுரையை ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது எவ்வளவு குரூரம் என்று நமக்கெல்லாம் தெரியும். அவர் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பதினோரு பக்கமும் படிக்கவில்லை, மூன்று பக்கம். 'இந்தச் சுவரின் முன் வந்து நிற்கிறவனுக்கு' என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது எனக்கே கேட்டது. படித்து முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

'சாரு எப்போ மேல போனிய?'

'போகல பாட்டா.'

'பின்ன?'

'புத்தகத்துல படம் பார்த்து எழுதினேன்.'

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'அந்தக் கண்ணு அதுல உண்டா?' என்று கேட்டார்.

'இருந்திருக்கும். நான் கவனிக்கல.'

'இத எழுதினதுக்கு எம்புட்டு தந்தாவ?'

'ஒண்ணும் தரமாட்டாங்க பாட்டா. இது சின்னப் பத்திரிகை. நாமதான் சந்தா கட்டணும்.'

'அப்போ சாரமில்ல' என்றார் பாட்டா, உண்மையான ஆறுதலோடு. பாஸ்புக்கை நீட்டினார். 'இதுல வட்டி ஏறிச்சான்னு ஒண்ணு பாத்துச் செல்லுங்க.'

வாங்கி இயந்திரத்தில் செருகினேன். அறுபத்திரண்டு ரூபாய் ஏறியிருந்தது.